நூற்றிருபத்தேழாவது பல்

தெற்குச் சுவரில், எண்ணெய்த் தகரங்களுக்கு மேலே, ஆணியில் ஒரு பல் சக்கரம் தொங்குகிறதே, அதைப் போன வாரம் உங்களில் யாரோ கழற்றிக் கோப்பிக் குவளை வைக்கும் தட்டாக்கியிருந்தீர்கள். யார் என்று கேட்க மாட்டேன். ஓய்வு பெற்றவனுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் கிடையாது; வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டும்தான். குவளை வைத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சக்கரம் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

ஆனால் அதற்குக் கீழே இருக்கும் மரப்பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, இன்னொரு சக்கரம் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தொங்குவதற்கு நூற்றிருபத்தாறு பல். துணிக்குள் இருப்பதற்கு நூற்றிருபத்தேழு. அந்த ஒரு பல்லுக்காக இந்தப் பட்டறை பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். லேத்தை எப்படி ஓட்டுவது என்று எழுத மாட்டேன். அதை உங்கள் கையும், உங்கள் மேஸ்திரியின் வாயும் சொல்லித் தரும்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் இந்தப் பட்டறை இப்போதிருப்பதில் பாதிகூட இல்லை. கூரைக்கு அத்தாப்பு ஓலை. மழை பெய்தால் எந்திரத்துக்குக் குடை பிடித்துவிட்டுத்தான் நாங்கள் நனைவோம். முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்போம். அவருக்குத் தமிழ் தெரியும் என்று அவர் நம்பினார். எங்களுக்கு மலாய் தெரியும் என்று நாங்கள் நம்பினோம். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் வேலை எப்படியோ நடந்துகொண்டிருந்தது. லேத்தில் நானும் முத்தையாவும். வார்ப்புக்கு மர அச்சு செய்யும் தச்சர் சவரிமுத்து. எங்கள் மூவருக்கும் மேலே மேஸ்திரி. மேஸ்திரியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவர் இருக்கும் இடத்திலிருந்தே, "என் பேரை எதுக்குடா இழுக்கிற?" என்பார்.

முத்தையாவைப் பற்றி ஒரு வார்த்தை. கை சுத்தம், வேகம், இரண்டிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுடைய ஒரே குறை, எந்தக் கஷ்டத்தைக் கண்டாலும் அதற்குப் பக்கத்து வீட்டில் ஒரு சுலபம் குடியிருக்கும் என்று நினைப்பது.

ஒருநாள் காலை மாட்டு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. வண்டியில் இரண்டு துண்டாக முறிந்த நீளமான இரும்புத் திருகுத் தண்டு. தண்டின் மேல் ஒரு பெண், சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி. பெயர் வீராயி. கிள்ளானுக்கு அப்பால் கடலோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, சரக்கு ரயிலில் தண்டோடு தண்டாக வந்து இறங்கியிருந்தாள்.

"இங்க யாரு பெரியவரு?" என்றாள்.

மேஸ்திரி அன்று இல்லை. மகள் பிரசவத்துக்குச் சிரம்பான் போயிருந்தார். முத்தையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ன வேணும், சொல்லுக்கா," என்றான்.

அவள் சொன்னது இதுதான். அந்தத் தோட்டம் கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலம். கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மண் கரை. கரையில் ஒரு மதகு. கடல் வற்றும்போது மதகுக் கதவைத் தூக்கி உள்ளே தேங்கும் மழைத்தண்ணீரை வெளியே விடவேண்டும். கடல் ஏறும்போது கதவை இறக்கி உப்புத் தண்ணீரை நிறுத்தவேண்டும். கதவைத் தூக்கி இறக்குவது அந்தத் திருகுத் தண்டு. அதைச் சுற்றுவது அவள் புருஷன் மாடசாமி. தண்டு முறிந்துவிட்டது. கதவு பாதித் திறப்பில் நின்றுவிட்டது.

"கதவு பாதியில நிக்குது. எங்க வூட்டுக்காரரு அதுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. ரெண்டும் நகராது," என்றாள். "மண்ணு மூட்டைய அடுக்கி வச்சிருக்கோம். சின்ன வெள்ளத்துக்குத் தாங்கும். பௌர்ணமி வெள்ளத்துக்குத் தாங்காதுண்ணே."

"தாங்கலேன்னா?"

"கரைக்கு இந்தப் பக்கம்தான் நாங்க குடியிருக்கிற லயத்துக் கிணறு. அத்தன குடும்பமும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது," என்றாள். "எங்க வூட்டுக்காரரு முரட்டுத்தனமா சுத்தித்தான் முறிஞ்சிச்சுன்னு கணக்கு எழுதுற கிராணி தொரைகிட்ட சொல்லிட்டாரு. உப்புத்தண்ணி உள்ள வந்தா மறுநாளே நாங்க மூட்டய கட்டணுமாம்."

பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. நீங்கள் நினைப்பது போல நாங்களும் நினைத்தோம்: ஒரு தண்டு, அது நுழைந்து சுற்றும் ஒரு மரை, திருகுப் புரி வெட்டுகிற வேலைதானே என்று. உடைந்த தண்டின் மேல் அளவுகோலை வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்தத் தோட்டம் பிரெஞ்சுக்காரர்களுடையது. மதகும் பிரான்ஸிலிருந்து வந்தது. ஆகவே புரிகள் மில்லிமீட்டரில். எங்கள் லேத்தோ இங்கிலாந்துச் சரக்கு. அதற்கு அங்குலம் மட்டும்தான் தெரியும்.

மரையையும் சேர்த்து அங்குலத்தில் செய்துவிட்டால் என்ன என்று உங்களில் புத்திசாலி ஒருவன் இப்போது கேட்கிறான், எனக்குக் கேட்கிறது. நாங்களும் கேட்டோம். மரை தனியாக இல்லை. கதவின் தலையோடு சேர்த்து வார்த்த பித்தளை. அதை எடுக்க வேண்டுமானால் கதவையே எடுக்க வேண்டும். கதவை எடுத்தால் கடலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அங்குல லேத்தில் மில்லிமீட்டர் புரி வெட்ட வழி உண்டு. நடுவில் ஒரு பல் சக்கரத்தைப் போட வேண்டும். ஐந்து அங்குலத்தை எடுத்து மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். நூற்றிருபத்தேழு வரும். அதனால் அந்தச் சக்கரத்துக்கு நூற்றிருபத்தேழு பல் இருந்தாக வேண்டும். எங்களிடம் அது இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கலாம், வந்து சேரும்போது லயத்துக் கிணற்றில் கருவாடு ஊறப் போடலாம்.

நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம். அங்கேதான் அந்த எண் தன் குணத்தைக் காட்டியது. ஒரு வட்டத்தைச் சமமாகப் பங்கு போட எங்களிடம் துளைத் தட்டுகள் இருந்தன. நூற்றிருபதா? தாராளமாக. நூற்றிருபத்தைந்தா? அதற்கும் வழி உண்டு. பெரிய பங்கைச் சின்னப் பங்காக, சின்னதை இன்னும் சின்னதாக உடைத்துக்கொண்டே போவதுதான் அந்தத் தட்டுகளின் வித்தை. நூற்றிருபத்தேழு உடையவில்லை. இரண்டாகப் பிரித்தால் ஒன்று மிச்சம். மூன்றாகப் பிரித்தாலும் ஒன்று மிச்சம். ஐந்துக்கு இரண்டு மிச்சம். ஏழுக்கு மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன ஒன்று. பதினொன்றுக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று படித்திருப்பீர்கள். படிக்கிறபோது அது சாதுவாகத்தான் இருக்கும். இரும்பில் வெட்டச் சொன்னால்தான் அதன் திமிர் தெரியும்.

முத்தையா தரையில் சாக்கட்டியால் வகுத்துக்கொண்டே போனான். பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது.

"பதினொன்னோட நிறுத்துப்பா," என்றார் சவரிமுத்து. "பதினோரு பதினொன்னு நூத்தி இருபத்தொண்ணு. அதுக்கு மேல பெரிய எண்ணு ஒண்ணு வகுக்கும்னா, அதுக்கு ஜோடியா சின்ன எண்ணு ஒண்ணும் வகுக்கணும். சின்னதை எல்லாம்தான் பாத்தாச்சே."

"நீங்க மரத்தைப் பாருங்கண்ணே, இரும்பை நாங்க பாத்துக்குறோம்," என்று முத்தையா அறுபத்துமூன்று வரைக்கும் போனான். அறுபத்துமூன்றில் முகம் மலர்ந்தது. "இங்க பாரு! ரெண்டு அறுபத்துமூணு நூத்தி இருபத்தாறு! தட்டுல சுளுவா வருது! ஒரே ஒரு பல்லுதானே கொறயுது!"

வேலைக்கு நடுவில் எட்டிப் பார்த்த தவுக்கேக்கு அது அமிர்தமாகக் கேட்டது. "சத்து சாஜா லா! ஒரு பல்லு! எந்தக் கதவு போய் பல்லு எண்ணும்? புவாட், புவாட்!" என்றார். செய், செய் என்று அர்த்தம். பௌர்ணமி ஒரு பக்கம், தவுக்கே ஒரு பக்கம், நடுவில் நாங்கள். நூற்றிருபத்தாறு பல்லோடு சக்கரத்தை வெட்டி, அதைப் போட்டுத் தண்டையும் வெட்டினோம். அழகான தண்டு. முகம் பார்க்கலாம்.

அந்த அழகை ரயிலில் ஏற்றிக் கிள்ளானுக்கும், அங்கிருந்து லோரியில் கடலோரத்துக்கும் கொண்டுபோனோம். கரையில் மாடசாமி நின்றிருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், பேச்சு மட்டும் வளரவில்லை. தண்டைப் பார்த்தார், கும்பிட்டார், மரையில் பொருத்தினார், சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. முத்தையா என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆறு, ஏழு. எட்டாவது சுற்றில் தண்டு நின்றது. மாடசாமி பலமாக அழுத்தவில்லை. ஏற்கெனவே ஒரு பழியைச் சுமப்பவர்; இரண்டாவதுக்குத் தோளில் இடமில்லை. கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

ஒவ்வொரு புரிக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் மரைக்குள் இருபது புரி இருந்தது. முதல் புரியின் பிசகு இரண்டாவதோடு சேர்ந்து, இரண்டாவதன் பிசகு மூன்றாவதோடு சேர்ந்து, எட்டாவதில் இடம் தீர்ந்துவிட்டது. கரை மேல் கிராணி குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றாள் வீராயி முத்தையாவிடம், "ரொம்ப அழகா இருக்கு. கொடிகட்டித் துணி காயப்போடலாம்."

நாங்கள் பட்டறைக்குத் திரும்பினோம்.

மேஸ்திரி சிரம்பானிலிருந்து வந்திருந்தார். தாத்தாவாகிவிட்ட சந்தோஷத்தில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு நின்றவர், எங்கள் முகத்தைப் பார்த்துப் பொட்டலத்தை மடக்கினார். நாங்கள் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

"ஏழு சுத்து போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"போச்சு."

"அப்ப நம்ம தப்பு எவ்வளவுன்னு கதவு அளந்து சொல்லிருச்சு. இனிமே அதுகிட்ட வேற கணக்கு சொல்லாதீங்க. நூத்தி இருபத்தேழுன்னா நூத்தி இருபத்தேழு."

தவுக்கே குதித்தார். மறுபடியும் இரும்பு, மறுபடியும் ஆள் நேரம், தா பொலே, முடியாது என்றார். மேஸ்திரி அவரை எதிர்த்துப் பேசவில்லை. சவரிமுத்துவைப் பார்த்து, "தொங்கவிட ஆணி ஒண்ணு குடுங்க," என்றார். நூற்றிருபத்தாறை வாங்கி, வாசலில் நுழைகிற யார் கண்ணிலும் படும் இடமாகப் பார்த்துச் சுவரில் மாட்டினார். வருகிறவன் போகிறவன் எல்லாம் இது என்ன என்று கேட்பான், பதில் சொல்ல வேண்டியது முதலாளி. தவுக்கே சக்கரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "சுடா லா, போதும், செய்யி," என்று உள்ளே போய்விட்டார். தம்பிகளா, முதலாளியிடம் வாதம் செய்து ஜெயித்தவனை நான் பார்த்ததில்லை. ஆனால் சரியான இடத்தில் ஆணி அடித்தவனைப் பார்த்திருக்கிறேன்.

சரி, செய்வோம், எப்படிச் செய்வது? வகுபடாத எண் ராத்திரியில் மனசு மாறி வகுபடப் போகிறதா என்ன?

சவரிமுத்து தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "வட்டத்தைப் பங்கு போடத்தான் முடியல. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா அடுக்க முடியும்ல? நேர்கோட்டுல நூத்தி இருபத்தேழு கட்டம் போட்டுக்குவோம். அப்புறம் அதை வட்டமா சுத்திருவோம்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். வகுத்து வகுத்து மண்டை காய்ந்துபோன எங்களுக்குக் கூட்டல் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எந்தத் திமிர் பிடித்த எண்ணையும் ஒன்று, ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் அடைந்துவிடலாம். அதற்குப் பொறுமை மட்டும்தான் வேண்டும்.

வரைபடக் காகிதச் சுருளிலிருந்து ஓர் ஆளுயரத்துக்கு நீளமான பட்டை ஒன்று கிழித்தோம். கவராயத்தை அரை அங்குலத்துக்குத் திறந்து, கட்டம் கட்டமாகக் கோடு போடுவது முத்தையா. கடைசிக் கோட்டில் பட்டையை வெட்டி, இரண்டு முனையும் இடைவெளியில்லாமல் சந்திக்கிற அளவுக்கு ஒரு மர வட்டு இழைப்பது சவரிமுத்து. பட்டையை அந்த வட்டில் ஒட்டிவிட்டால் அதுவே எங்கள் பங்குத் தட்டு. ஒரு கோடு நகர்த்தி ஒரு பல், இன்னொரு கோடு நகர்த்தி இன்னொரு பல்.

வீராயியும் எங்களோடு திரும்பி வந்து, பிரிக்பீல்ட்ஸில் தன் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் வந்தால் வாசலில் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எங்களை மேய்ப்பாள். முத்தையா கோடு போட்டுக்கொண்டே வாய்விட்டு எண்ணினான். முதல் கட்டத்துக்கு "லாபம்" என்றான். நம் ஆட்கள் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்று தொடங்குவார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு அவன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போய், "நூத்தி இருபத்தாறு, நூத்தி இருபத்தேழு!" என்று முடித்துப் பட்டையை வெட்டினான். சவரிமுத்து அதற்கேற்றபடி வட்டை இழைத்து, முனையும் முனையும் முத்தமிடுகிற மாதிரி கொண்டுவந்துவிட்டார். இரும்புச் சக்கரத்தில் முதல் பல்லை வெட்ட நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

வீராயி பெட்டியை விட்டு எழுந்தாள். "அண்ணே, காலையிலேர்ந்து நெஞ்சில ஒண்ணு முட்டுது. நீங்க லாபம் சொன்னீங்க. அப்புறம் ரெண்டுன்னு சொல்லலியே. ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. லாபம், ஒண்ணு, ரெண்டு. எங்க வூட்டு வழக்கம் அது," என்றான் முத்தையா. "மொத மரக்கா சாமிக்கு. கணக்குல வராது."

"எங்க வூட்டுல லாபம்தான் ஒண்ணு. அடுத்தது ரெண்டு."

"உங்க சாமி ஏழை போலக்கா."

"சாமிக்கு என்ன வேணா குடுங்க. கதவுக்கு ஒரு கட்டம் ஜாஸ்தியா குடுத்துட்டீங்களான்னுதான் கேக்குறேன்."

முத்தையா சத்தியம் செய்தான்: லாபத்தைக் கழித்துக் கடைசியில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன் என்றான். விட்டேனா, விடவில்லையா என்று அரை நிமிஷத்தில் அவனுக்கே சந்தேகம் வந்தது. ஆளுக்கு ஆள் எண்ணினோம். எனக்கு நூற்றிருபத்தேழு. சவரிமுத்துவுக்கு நூற்றிருபத்தெட்டு. முத்தையாவுக்கு, பதற்றத்தில், நூற்றிருபத்தொன்பது. அரை அங்குலக் கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டே எண்ணினால் கண் ஒன்றை விழுங்கும், ஒன்றைக் கக்கும். நேரம் போய்க்கொண்டிருந்தது. தண்டு மறுநாள் காலை ரயிலில் ஏறியாக வேண்டும், மறுநாள்தான் பௌர்ணமி.

மேஸ்திரி யாரையும் திரும்ப எண்ணச் சொல்லவில்லை. பட்டையை வட்டிலிருந்து உரித்து, மேசைமேல் நீட்டி, முனையோடு முனை சேர்த்து இரண்டாக மடித்தார். மடிப்பு ஒரு கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. மறுபடியும் மடித்தார், மறுபடியும் கோட்டில். இன்னொரு மடிப்பு, அப்போதும் கோட்டில்.

"பாத்தீங்களா, எவ்வளவு நல்ல புள்ளயா மடியுது," என்றார். "இது நூத்தி இருபத்தெட்டு. பாதி, அதுல பாதின்னு ஒண்ணு வரைக்கும் போகும். நம்ம ஆளு இப்படியெல்லாம் சொன்ன பேச்சு கேக்க மாட்டான்."

கடைசிக் கட்டத்தைக் கத்தரித்துவிட்டு மறுபடி மடித்தார். மடிப்பு இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில், வெறும் காகிதத்தில் விழுந்தது. பட்டறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். கொஞ்சம் முன்னால் நான் கத்தியை வைத்திருந்தால் இரும்பும் போயிருக்கும், மதகும் போயிருக்கும். நல்லவேளை, தவறு கூடுதலாக இருந்தது. சவரிமுத்து வட்டை இன்னும் கொஞ்சம் இழைத்தால் போதும். குறைவாக இருந்திருந்தால் புது வட்டுக்கு மரம் தேட வேண்டும். "ஒங்க சாமிக்கு நான் எதுக்குப்பா சீவணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இழைத்தார். வெட்டிப் போட்ட கட்டத்தை வீராயி எடுத்து முத்தையாவிடம் நீட்டினாள். "இந்தாங்கண்ணே, லாபம்."

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கழித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தந்த வாத்தியார் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் நூற்றிருபத்தேழு; அது வகுபடாது. நூற்றிருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் முப்பத்தொன்பது இலக்கத்தில் ஓர் எண் வரும், அதுவும் வகுபடாது, மனிதன் அன்றுவரை நிரூபித்த பகா எண்களில் அதுதான் பெரியது என்றார். "எவ்வளவு அழகு பாருங்க!" என்றார். அழகுதான் ஐயா, அவ்வளவு பல்லோடு சக்கரம் வெட்டச் சொல்லாதவரைக்கும் என்றேன்.

சக்கரம் வெட்டினோம். புதுத் தண்டு வெட்டினோம். காலை ரயிலில் மேஸ்திரி, நான், முத்தையா, வீராயி. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. கடல் ஏறத் தொடங்கியிருந்தது. பாதித் திறந்த கதவுக்கு அடியில் மண்மூட்டைகள் கரைந்து, தண்ணீர் பழுப்பு நிறத்தில் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. லயத்து ஜனம் முழுக்கக் கரையில் மண்வெட்டியோடு நின்றது. கிராணியும் நின்றார், குடையோடு.

மாடசாமி தண்டைப் பொருத்தினார். கைப்பிடியைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார்.

"நீ சுத்து," என்றார் பெண்சாதியிடம். அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. இந்தத் தடவையும் நின்றால் தன் கையில் நிற்க வேண்டாம் என்று அவர் நினைத்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

வீராயி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுற்றினாள். "லாபம்," என்று எண்ணினாள். அடுத்த சுற்றுக்கு, முத்தையாவைத் திரும்பிப் பார்த்து, அழுத்தமாக, "ரெண்டு!" என்றாள். மூணு, நாலு. ஏழு. முத்தையா கண்ணை மூடிக்கொண்டான். எட்டு. தண்டு போனது. ஒன்பது, பத்து, அது பாட்டுக்கு வெண்ணெயில் போகிற மாதிரி போனது. பிறகு மாடசாமி வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து சுற்ற, கதவு இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. கசிவு நின்றது.

நாங்கள் இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். வெளியே கடல் கதவின் நெற்றி வரைக்கும் வந்து தட்டிவிட்டுத் திரும்பிப் போனது. மேஸ்திரி லயத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, வாளியைக் கிராணியிடம் நீட்டினார். "குடிச்சுப் பாருங்க. தொரைகிட்ட சொல்லணும்ல?" என்றார். கிராணி குடையை மடக்கிவிட்டுக் குடித்தார். முறிந்த பழைய தண்டின் உள்ளே துரு பாதி தூரம் ஓடியிருந்ததையும் மேஸ்திரி அவருக்குத் தொட்டுக் காட்டினார். மாடசாமி மூட்டை கட்டவில்லை.

அடுத்த வருஷம் அதே பௌர்ணமிக்குப் பட்டறைக்கு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டி நிறையத் தேங்காய். மதகுக் குடிசையைச் சுற்றி நிற்கும் மரங்களில் பறித்தது என்று வண்டிக்காரர் சொன்னார். "எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுக்கச் சொல்லிச்சு அந்தக்கா," என்றார். பதினான்கு பேர் இருந்தோம். ஆளுக்கு ஒன்பது எடுத்தோம். ஒன்று மிச்சம். முத்தையா அதை முருகனுக்கு உடைக்க வேண்டும் என்றான். சவரிமுத்து மாதா கோவிலுக்கு என்றார். தவுக்கே தன் கடைச் சாமிக்கு என்றார். மேஸ்திரிக்குத்தான் முதலில் உறைத்தது. எண்ணிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் நூற்றிருபத்தேழு வருகிறது. நாங்கள் சமமாகப் பிரித்ததே இல்லை. பதினோரு பேர் இருந்த வருஷம் ஆறு மிச்சம். பதினாறு பேர் இருந்த வருஷம் ஆளுக்கு ஏழு போகப் பதினைந்து மிச்சம். ஒரே ஒருத்தனுக்கு மட்டும் இல்லை என்று வந்ததில் பெரிய சண்டை. மிஞ்சினது எத்தனையானாலும் அது லாபம், பட்டறைக்குப் புதிதாக வந்தவனுக்கு என்று மேஸ்திரி சட்டம் போட்டார். இந்த வருஷத்துச் சுமை நேற்று வந்திருக்கிறது. மிச்சம் உங்களுக்கு. அதற்காகவாவது ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி போய்விட்டார். சவரிமுத்துவும் போய்விட்டார். முத்தையா தைப்பிங்கில் பேரப்பிள்ளைகளுக்கு லாபம், ஒண்ணு, ரெண்டு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் இனி வாசல் வரைக்கும்தான். ஆகவே ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். அந்த மதகுக் குடிசையிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு கடிதம் வந்ததில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. தேங்காய் வந்தால் கதவு மூடுகிறது என்று அர்த்தம். தேங்காய் வராத வருஷம், யாரும் வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, துணிக்குள் இருப்பதை எடுத்து லேத்தில் மாட்டிவிட்டு, ஒருவன் அளவுகோலோடு கிள்ளான் ரயிலில் ஏறுங்கள். கோப்பிக் குவளை வைக்க, சுவரில் தொங்கும் நூற்றிருபத்தாறு போதும்.